குடல் பூஞ்சை பற்றி ஒரு கேள்வி

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போன வாரம் அது. உச்சிவெயிலில் மீன் ஏற்றும் குட்டி வண்டி ஒன்று எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்தட்டிலிருந்து ஐஸ் தண்ணீர் சிவப்பாக வடிந்தது. உள்ளே ஒருவன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு பெண் மண்டியிட்டு, அவன் வயிற்றின்மேல் ஒரு துண்டை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். இன்னொருவன் அவள் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். துண்டின் ஓரத்தில் குடல் ஒரு சுருளாக வெளியே வந்து பளபளத்தது. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அவளையும் சேர்த்தே இழுக்கவேண்டியிருந்தது. கையை எடு என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த வெக்கையில் அவள் துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததைக் கவனித்தேன். கவனித்ததை எழுதுவது என் வேலை இல்லை.

என் வேலை வாசிப்பது. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் பல வருடமாக மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனபிறகோ, போய்ச் சேர்ந்தபிறகோ, போலீஸ் கேஸ் என்றால் படுத்திருக்கும்போதேயோ, அவருடைய கேஸ் ஷீட் என் மேசைக்கு வரும். டாக்டர் எழுதியதை வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு காயத்துக்கும் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஓர் எண்ணைப் போடுவேன். டாக்டர் எழுதாத எதற்கும் எண் கிடையாது. லேப் ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும், நர்ஸ் என்ன குறித்திருந்தாலும், நானே கண்ணால் பார்த்திருந்தாலும், டாக்டரின் கையெழுத்தில் இல்லாவிட்டால் அது எனக்கு நடக்காத காரியம். இதில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. வீட்டில் நான் ஊர்ச் சம்பவங்களைத் தேதிவாரியாக எழுதிவைக்கிறவன். எந்தக் கப்பல் எப்போது தரைதட்டியது, எந்தப் புயலில் எந்தத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது என்று டைரிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. யார் சொன்னது என்று தெரியாத செய்தியை நான் டைரியிலும் ஏற்றுவதில்லை.

காயத்துக்கு எண் போடுவது மற்ற நோய்களைப் போல அல்ல. என்ன காயம் என்று ஓர் எண், எதனால் வந்தது என்று இன்னோர் எண். கத்தியால் ஒருவர் தாக்கினால் எக்ஸ் 99. அதற்குப் பின்னால் எங்கே நடந்தது என்று ஓர் இலக்கம். வீடு என்றால் பூஜ்யம், தெரு என்றால் நான்கு. கடற்கரை, துறைமுகம், கடல் மூன்றும் எட்டு. எட்டு என்றால் 'பிற இடங்கள்'. இந்த ஊரில் பாதிப் பேர் பிழைப்பதும் சாவதும் பிற இடங்களில்தான்.

குடல் சரிந்து வந்தவன் சங்கு குளிப்பவன், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவன். அவனுடைய கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அவசரப் பிரிவு டாக்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: கடற்கரையில் குடிபோதையில் தகராறு, மனைவியின் தம்பி கத்தியால் குத்தினான், தகவல் சொன்னவர் நோயாளியின் அண்ணன். எழுதும்போது மனைவியும் அங்கேதான் நின்றாளாம். அண்ணன்காரன் அவளுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றானாம். எக்ஸ் 99.8 என்று நான் மனதில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே எதிர்த்த டீக்கடையில் கதை முழுசாக வந்துவிட்டது.

"மச்சினன்தான் வள்ளத்துல நின்னு காத்துக் குழாயப் பாத்துக்கிட்டது" என்றார் கடைக்கார அண்ணாச்சி. "இவன் அடியில சங்கு பொறக்கிட்டுக் கெடக்கான். திடீர்னு காத்து நின்னுபோச்சு. மூக்குலயும் வாயிலயும் ரத்தத்தோட மேல வந்திருக்கான்."

"மெஷின் கோளாறா இருக்கும்லா?" என்றேன்.

"அதத்தான் மச்சினனும் சொல்லுதான். இவன் நம்பணுமே. நீ வேணும்னே குழாய மிதிச்சலேன்னு துடுப்பாலயே மண்டைய உடைச்சிருக்கான். பொறவு கரைக்கு வந்து தண்ணியப் போட்டான். பொறவு குத்து."

"அது எப்படி அண்ணாச்சி? மண்ட உடைஞ்சவன் ஆஸ்பத்திரிக்குப் போகாம கத்தியத் தேடியா போவான்?"

"நீரு என்னவே போலீசா? வடையத் தின்னும்."

தண்ணி அடித்ததற்கும் குத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று அந்தக் கரையில் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. அன்றைய டைரியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். மச்சினன், அதாவது அவளுடைய தம்பி, வலை அறுக்கும் கத்தியோடு தானே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். கொலை முயற்சி என்று ரிமாண்டில் வைத்தார்கள்.

சிறுகுடலில் இரண்டு இடத்தில் ஓட்டை. ஒரு முழம் குடலை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். வயிற்றுக்குள் மலம் கலந்துவிட்டதால் சீழ். திறந்து கழுவினார்கள், மறுபடி திறந்து கழுவினார்கள். கடலடியில் உழைத்துப் பழகிய உடம்பு என்பதால்தான் தாங்கியது என்றார் சர்ஜன். ஆண்டிபயாட்டிக் ஒன்று மாற்றி ஒன்றாக வாரக்கணக்கில் ஏறியது. மயக்கம் தெளிந்ததும் அவன் செய்த முதல் காரியம், கஞ்சி ஊட்ட வந்த மனைவியின் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைப் பிடுங்கி அவள் முகத்தில் எறிந்தது. புருவம் கிழிந்தது. வார்டு சிஸ்டர் பஞ்சு வைத்து ஒட்டினார். நோயாளிக்கு மனக்குழப்பம் என்று நர்ஸ் குறிப்பில் இருந்தது. அவள் புருவத்தைப் பற்றி எதுவும் இல்லை. அவள் நோயாளி இல்லையே. அவள் அடுத்த வேளைக்கும் கஞ்சி கொண்டுவந்தாள். உடம்பு துடைத்தாள், சவரம் செய்துவிட்டாள். யாரோடும் பேசவில்லை. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்று வார்டில் சொல்லிக்கொண்டார்கள்.

புண் ஆறத் தொடங்கிய நேரத்தில் காய்ச்சல் திரும்பியது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஈஸ்ட் செல்கள் நிறைய, வளர்ப்பில் கேண்டிடா என்று லேப் சொன்னது. ஈஸ்ட் ஒரு வகைப் பூஞ்சை. நம் எல்லோர் குடலிலும் கொஞ்சம் குடியிருப்பதுதான். அதிக நாள் ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் மற்ற கிருமிகள் செத்து, இடம் காலியாகி, இது பெருகும். பெருகுவது வேறு, குடலைத் தாக்கி நோயாக்குவது வேறு. இரண்டில் எது என்று லேப் சொல்லாது. டாக்டர்தான் சொல்லவேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் லேப் ரிப்போர்ட் டாக்டர் பார்க்கிற அதே நேரத்தில் நோயாளி வீட்டாரின் செல்போனுக்கும் போய்விடும். அது எங்களுக்குப் பெருமையான வசதி. அண்ணன்காரனின் போனுக்கு அது போனது. அவன் யாரிடமோ காட்டினான். பூஞ்சை என்றார்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கரையில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்களுக்குக் கறுப்புப் பூஞ்சையால் கண் தோண்டி எடுத்த முகங்கள்தான் ஞாபகம் வரும். ரிப்போர்ட் அவன் தெருவைச் சுற்றிவிட்டு அவளுடைய ஊரான ஆலந்தலை வரை போய்விட்டது.

மறுநாள் முற்பகலில் இரண்டு கூட்டமும் வந்தன. அவன் பக்கத்து ஆட்கள், ஆஸ்பத்திரி பூஞ்சையைக் கொடுத்துவிட்டது என்று வந்தார்கள். அவள் பக்கத்து ஆட்கள், இனி அவன் செத்தால் பூஞ்சையால்தான், குத்தினதால் இல்லை, எங்கள் பையனை விடுங்கள் என்று வந்தார்கள். வரவேற்பறையில் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தன.

"குத்திட்டுப் பூஞ்சையச் சாட்டுதியளோ? வெக்கமா இல்ல?"

"ஒன் தம்பி குடிச்ச குடியில குடலே ஊறிப்போய்க் கெடந்திருக்கும்லே, பூஞ்சை பிடிக்காம என்ன செய்யும்?"

அவ்வளவுதான். முதலில் பறந்தது பிளாஸ்டிக் நாற்காலி. பிறகு மூன்று பேர் உட்காரும் இரும்பு பெஞ்சை இரண்டு பேராகத் தூக்கி வீசினார்கள். அது கண்ணாடித் தடுப்பை உடைத்துக்கொண்டு மருந்துக் கவுண்டருக்குள் விழுந்தது. ஒருவன் சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி ஈட்டிபோலக் குத்தினான். ஒரு கிழவரின் காது பாதி அறுந்து தொங்கியது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டே இன்னொருவனைக் காலால் உதைத்தார். இரு பக்கமும் ஒரே கோயிலில் ஒரே பூசைக்குப் போகிறவர்கள். சட்டைக் கிழிசலில் ஒரே மாதிரி ஜெபமாலை தெரிந்தது. போலீஸ் வந்து லத்தி வீசியபோது தரையில் கண்ணாடியும் குளுக்கோஸும் ரத்தமும் கலந்து வழுக்கியது. ஓடினவர்களே அதில் விழுந்து கையைக் கிழித்துக்கொண்டார்கள். தையல் போட ஆஸ்பத்திரிதான். அடித்தவனும் அடிபட்டவனும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து, ஊசி போடும்போது ஒரே குரலில் மாதாவைக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கலவரத்தின் கேஸ் ஷீட்டுகளே என் மேசையில் ஓர் அடுக்கு சேர்ந்துவிட்டன. அதற்குள் இரண்டு தரப்புக்கும் ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: நோய்க்குப் பெயர் எழுதி எண் போடுகிறவன் ஒருவன் மாடியில் இருக்கிறான்.

முதலில் வந்தது அவளுடைய தாய்மாமன். கையில் கருவாட்டுப் பொட்டலம்.

"சார், ஆலந்தலையிலேருந்து வாரேன். பூஞ்சைங்கிறத மேல போட்டு, குத்துனத கீழ போட முடியுமா?"

"நான் போடுறது இல்லய்யா. டாக்டர் எழுதுறதுதான்."

"டாக்டர் எழுதுனத நீங்கதான எழுதுதீங்க?"

"எழுதினதை மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம், மேல கீழ மட்டும் தள்ளி வைங்களேன். எங்க பிள்ள அப்படிப்பட்டவன் இல்ல சார். அக்கான்னா உசிரு."

அக்காவுக்கும் குத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் டாக்டருக்கு ஒரு கேள்வி தயாரிக்கவேண்டியிருந்தது. ரிப்போர்ட்டில் ஈஸ்ட் இருக்கிறது, பூஞ்சைக்கான மருந்தும் ஆரம்பித்திருக்கிறார்கள், ஆனால் கேஸ் ஷீட்டில் அந்த நோயின் பெயர் எங்கும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் கோடர் எழுத்தில் கேட்பார். கேட்பதற்கு முறை உண்டு. பதிலைக் கேள்வியிலேயே ஊட்டிவிடக் கூடாது. 'இது பூஞ்சைக் குடலழற்சிதானே' என்று கேட்டால் என் வேலை போய்விடும். நான் எழுதியது இது: 'மலப் பரிசோதனையில் ஈஸ்ட் காணப்படுகிறது. பூஞ்சைக்கு மருந்து தரப்படுகிறது. இதன் மருத்துவ முக்கியத்துவத்தைத் தெரிவிக்கவும். நோய்த்தொற்று, நோயின்றி இருப்பு மட்டும், வேறு, தீர்மானிக்க இயலாது. இதற்கு இடமளித்த முந்தைய நோயோ மருந்தோ இருந்தால் அதையும் குறிப்பிடவும்.'

பிரிண்ட் எடுத்து, பழைய கேஸ் ஷீட்டுகள் இருக்கும் இரும்பு அலமாரியின் இழுப்பறையைத் திறந்து நின்றேன். அண்ணன்காரன் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தான். ஒருவன் கதவைச் சாத்தினான். எங்கள் அறையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் அம்மாவும்தான்.

"நீதான் நம்பர் போடுதவனா?"

"என்ன வேணும் உங்களுக்கு?"

"என் தம்பிக்குப் பூஞ்சைன்னு ஒண்ணும் ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா குத்துனவன் வக்கீல் அதப் பிடிச்சுத் தொங்குவான். கேஸ் பஞ்சாப் பறந்துரும்."

"நோய் இருந்தா எழுதித்தான் ஆகணும். இல்லேன்னா எழுத மாட்டாங்க. டாக்டரைத்தான் கேட்டிருக்கேன்."

"கேட்டிருக்கியா? கேக்கச் சொன்னது யாரு? ஆலந்தலைக்காரன் கருவாடு குடுத்தானாம்லா?"

"வாங்கல."

"எந்தக் கையால வாங்கல?"

அவன் சிரித்தான். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். என் வலதுகை இழுப்பறையின் விளிம்பில் இருந்தது. அவன் உள்ளங்காலை இழுப்பறையில் வைத்து ஓங்கி மிதித்தான். ஆள்காட்டி விரல் நொறுங்கிய சத்தம், வலி வருவதற்கு முன்னால் என் காதுக்கு வந்தது. இழுப்பறை மறுபடி திறந்தபோது கையை எடுக்கத் தோன்றவில்லை. மறுபடி மிதித்தான். என்னோடு வேலை பார்க்கும் அம்மா, கையில் கிடைத்த பஞ்சிங் மெஷினை அவன் முகத்தில் எறிந்து, "ஏலே, நாசமாப் போவியா!" என்று கட்டடம் அதிரக் கத்தினார். அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவர்கள் ஓடினார்கள்.

அவசரப் பிரிவில் விரலைக் கழுவும்போது நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் குனிந்தார்.

"ஏற்கெனவே கண்ணாடி உடைஞ்சு பேப்பர்ல வந்துட்டு. இன்னொரு போலீஸ் கேஸ் வேண்டாமே. இழுப்பறையில மாட்டிக்கிட்டதுன்னு சொல்லிருங்க. அதுவும் உண்மைதான?"

தற்செயலாக நசுங்குவதற்கு வேறு எண், ஒருவன் நசுக்கினால் வேறு எண். நான் வீரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. வலியில் புதிதாக ஒன்றை ஜோடிக்க முடியவில்லை. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதும், "சங்குகுளிக்காரனோட அண்ணன் மிதிச்சான், ரெண்டு தடவை" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். தலையைத் திருப்பினேன். வாசலில் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருந்தாள்.

நான் தயாரித்த கேள்வி தரையில் ரத்தக்கறையோடு கிடந்ததாம். என்னோடு வேலை பார்க்கும் அம்மா அதை மறுபடி பிரிண்ட் எடுத்து அன்றே மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பதில் எழுதவேண்டியவர் ஓர் இளம் பெண் டாக்டர். என் கேள்வியின் கடைசி வரிக்காக, அதாவது முந்தைய நோயோ மருந்தோ உண்டா என்பதற்காக, அவர் நோயாளியின் கட்டிலுக்குப் போனார். அவன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். அதனால் மனைவியை வெளியே அழைத்து உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். முன்பு என்னென்ன நோய் வந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டான், எத்தனை நாள் சாப்பிட்டான். இப்படிக் கேட்டால் தலையாட்டி முடித்துவிட முடியாது, வாய் திறந்து பதில் சொல்லவேண்டும். அவள் வாய் திறந்தாள். காற்றும் கரகரப்பும்தான் வந்தன. அழுது கட்டிய தொண்டை இத்தனை வாரம் கட்டியிருக்காது என்று டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது.

"குரல் எப்பலேருந்து இப்படி இருக்கு?"

அவள் துப்பட்டாவைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"துப்பட்டாவை எடுக்கலாமா? நீங்க சரின்னா மட்டும்."

அவள் தானே எடுத்திருக்கிறாள். கழுத்தின் இரண்டு பக்கமும் நகம் பதிந்த பிறை வடிவத் தழும்புகள், நான்கு நான்காக. சுற்றிலும் கன்றி ஆறிய கருமை. டாக்டர் எதுவும் கேட்கவில்லையாம். இதை நீங்கள் சொன்னால் எழுதுவேன், போலீசுக்கும் தகவல் போகும், சொல்லாவிட்டால் வற்புறுத்தமாட்டேன், தொண்டைக்கு எப்படியும் வைத்தியம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் துப்பட்டாவைத் திரும்பச் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் வலி அதிகமாகத் தெரிந்தது. முற்பகலில் எங்கள் அறையின் கவுண்டர் ஜன்னலுக்கு வெளியே அவள் வந்து நின்றாள். நெருங்கிக் குனிந்தால்தான் அவள் பேச்சு கேட்டது.

"நேத்து நீங்க சொன்னத எழுதுனாங்களா?"

"எழுதினாங்க."

"எங்க பெரியத்தான் வந்து அதக் கிழிச்சிர முடியுமா?" புருஷனின் அண்ணனைச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்லயும் ஏறிருச்சு. என்னை வேணா இன்னும் ரெண்டு விரல் ஒடிக்கலாம். அதக் கிழிக்க முடியாது."

அவள் என் கட்டைப் பார்த்தாள். வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"ஒரு வெரலுக்கு நீங்க கேஸ் குடுத்திருக்கீங்க. எனக்குக் கழுத்துல்லா."

பின்னால் என்னோடு வேலை பார்க்கும் அம்மா டைப் செய்வதை நிறுத்திவிட்டார்.

"நான் சொன்னா எந் தம்பி வெளிய வந்துருவானா?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. வருவான்னு சொன்னா பொய்யாயிரும். கோர்ட்டுதான் சொல்லணும்."

"அந்தப் பூஞ்சை... அதுலயே இவுக போயிருவாகளா?"

"மருந்து கேக்குதுன்னுதான் சொல்லுதாங்க. பிழைச்சிருவாரு."

அவள் முகத்தில் நிம்மதி இருந்ததா, பயம் இருந்ததா என்று என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை.

"பிழைச்சு வீட்டுக்கு வந்தாகன்னா இந்தத் தடவ முடிச்சிருவாக" என்றாள். "அந்த டாக்டரம்மா எங்கன இருப்பாக?"

கையை நீட்டி வழி சொன்னேன்.

அவளுக்கென்று ஒரு கேஸ் ஷீட் அன்று பிறந்தது. இரண்டு நாளில் என் மேசைக்கு வந்தது. இடக்கையால் பக்கம் திருப்பி வாசித்தேன். டீக்கடை அண்ணாச்சிக்குத் தெரியாத அந்த நடுப்பகுதி அதில் இருந்தது. கரையில் குடித்துவிட்டு அவன் நேராக வீட்டுக்குப் போயிருக்கிறான். உன் தம்பி என் மூச்சை நிறுத்தினான், நான் உன் மூச்சை நிறுத்துகிறேன் என்று சொல்லி, அடுப்படியில் சுவரோடு சேர்த்து அவள் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கியிருக்கிறான். அவள் காலால் உதைத்துக் குடத்தைத் தள்ளியிருக்கிறாள். கண் இருண்டு, சிறுநீர் போய், கால் துவண்டிருக்கிறது. மண்டையில் துணி கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி குடம் உருண்ட சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறான். விடச் சொல்லியிருக்கிறான், முடியைப் பிடித்து இழுத்திருக்கிறான், முதுகில் குத்துவிட்டிருக்கிறான். அந்தக் கைகள் விடவில்லை. பிறகுதான் கத்தி. கைகள் கழுத்தை விட்டபோது அவன் குடல் அவள் மடியில் சரிந்ததாக அவள் சொன்னபடியே டாக்டர் எழுதியிருந்தார். அவனைத் தெருவில் இழுத்துப்போட்டு வண்டியில் ஏற்றியது அவள்தான். வண்டியில் கூட ஏறிய அண்ணன்காரன், கடற்கரையில் நடந்தது என்று சொல்லவேண்டும், வேறு சொன்னால் உன் தம்பி ஜெயிலுக்குள்ளேயே செத்துக் கிடப்பான் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு குரல் நாண் சரியாக அசையவில்லை என்று எழுதியிருந்தார். எண்களைப் போட்டேன். கழுத்துக் காயத்துக்கு ஒன்று. குரலுக்கு ஒன்று. கழுத்தை நெரித்துத் தாக்கியதற்கு எக்ஸ் 91. நடந்த இடம் வீடு, ஆகவே பின்னால் பூஜ்யம். செய்தவர் கணவர் என்பதற்கும் எங்கள் புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது. உலகத்தில் எத்தனை ஊரில் எத்தனை முறை தேவைப்பட்டிருந்தால் அதற்குத் தனியாக ஓர் எண் ஒதுக்கியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு இடக்கையால் அதைத் தட்டினேன்.

என் கேள்விக்கான பதிலும் அதே வாரம் வந்தது. நோய்த்தொற்று என்ற இடத்தில் குறியிட்டு, நீண்ட நாள் ஆண்டிபயாட்டிக்கைத் தொடர்ந்து வந்த கேண்டிடா குடலழற்சி என்று எழுதியிருந்தார் டாக்டர். பி 37.8. மருந்தால் வந்ததற்கு இன்னோர் எண். எல்லாவற்றுக்கும் மேலே குத்துக்காயம், சர்ஜன் எழுதிய வரிசைப்படி. பூஞ்சை மேலேயும் போகவில்லை, விட்டும் போகவில்லை. இரண்டு கூட்டமும் எதற்காகக் கண்ணாடியை உடைத்ததோ அது கடைசியில் யாருக்கும் உதவவில்லை. அவனுடைய கேஸ் ஷீட்டில் நடந்த இடம் கடற்கரை என்றே இருந்தது. அவள் ஷீட்டில் வீடு. ஒரே கத்திக்கு, ஒரே அரைமணிக்கு, எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு இடங்கள். போலீஸ் இரண்டையும் எடுத்துப்போனது. மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். அவள் குரல் கேட்கவில்லை என்று நாற்காலியை இரண்டு தடவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாராம். அன்று சாயங்காலமே அவள் ஆலந்தலைக்குப் போய்விட்டாள்.

பூஞ்சை மருந்து நன்றாகவே வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, வயிறு நின்றது, சோறு இறங்கியது. டிஸ்சார்ஜ் அன்று அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து எங்கள் ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணன்காரன் என் கேஸில் ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருந்ததால் வேறு யாரோ உறவுக்காரர் கூட வந்திருந்தார். அவன் மெலிந்திருந்தான். ஆனால் தோள் இன்னும் சங்குகுளிக்காரனின் தோள்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அவ ஷீட்டக் குடும்."

"அடுத்தவங்க ஷீட் தர முடியாது."

"அடுத்தவளா? அவ எம் பொண்டாட்டிவே!"

"அதுலயும் அப்படித்தான் இருக்கு" என்றார் எனக்குப் பின்னாலிருந்து என்னோடு வேலை பார்க்கும் அம்மா.

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கைகளையும் ஜன்னல் பலகையில் ஊன்றினான். தையல் இழுத்திருக்கவேண்டும், முகம் கோணியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. என் கட்டுப்போட்ட விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கைகள் இருந்தன. சங்கு பொறுக்கித் தடித்த விரல்கள். நான் நகங்களைப் பார்த்தேன். அவை ஒட்ட வெட்டி, ஓரம் தேய்த்து, ஒரு குழந்தையின் நகங்களைப் போல இருந்தன.

உறவுக்காரர் அவனைத் தோளில் அழுத்தி உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் வரை அவன் கத்திக்கொண்டே போனது கேட்டது.

யார் நகம் வெட்டிவிட்டது என்று வார்டு சிஸ்டரிடம் பிறகு கேட்டேன்.

"நாங்க எங்க வெட்ட? அந்தப் பொண்ணுதான். மயக்கத்துல கெடந்தப்பவே முதல் வேலையா என்கிட்ட நகவெட்டி வாங்கி வெட்டிருச்சு. பொறவு வாரா வாரம் வெட்டும்."

தம்பியின் வழக்கு இன்னும் நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறான், அக்காவோடு. அவளுக்குக் குரல் முழுசாகத் திரும்பவில்லை. பரிசோதனைக்கு வரும்போது ஜன்னலில் தலைகாட்டி, "வெரலு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். மடங்கவில்லை என்பேன். அவள் கழுத்தில் துப்பட்டா இருப்பதில்லை.